பட்டறைச்சொல்லும் பாடநூற்சொல்லும்: ஊர்தி மின்னியல் தமிழ் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கார் மின்கலத்திற்கு மின்னேற்றம் செய்தல், ஊர்தியின் அடிப்படைக் கம்பியிணைப்பு ஆகியன பற்றித் தமிழில் இருவகைச் சொல்வழக்குகள் நிலவுகின்றன. ஒன்று பாடநூல்களும் கலைச்சொல் தொகுதிகளும் வழங்கும் ஆக்கச்சொல் வழக்கு. மற்றொன்று பழுதுநீக்கும் பட்டறைகளில் வழங்கும் கடன்சொல் வழக்கு. இவ்விரண்டையும் சொற்பிறப்பின் அடிப்படையில் அன்றி, பொருளை வேறுபடுத்திக் காட்டும் திறன், செயலுக்கு வழிகாட்டும் திறன் ஆகியவற்றின் அடிப்படையில் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சில இடங்களில் பட்டறைச்சொல் பாடநூற்சொல்லைவிட அறிவியலுக்கு நெருக்கமாக இருப்பதையும், வேறு சில இடங்களில் பட்டறை வழக்கின் வறுமை தீங்கு விளைவிப்பதையும் எடுத்துக்காட்டி, அறிவியல் தமிழின் குறை சொற்களில் இருப்பதைவிடத் தொடரமைப்பிலேயே மிகுதியாக உள்ளது என்னும் முடிவுக்கு இக்கட்டுரை வருகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், கலைச்சொல்லாக்கம், ஊர்தி மின்னியல், மின்னேற்றம், குழூஉக்குறி, வினையெச்சம்.

முன்னுரை

தமிழில் கலைச்சொல்லாக்க முயற்சி நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். 1954இல் வெளிவரத் தொடங்கிய தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. இம்முயற்சிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவம், கணினி, இயற்பியல் கல்வி ஆகிய துறைகளைச் சுற்றியே அமைகின்றன. கையால் செய்யும் தொழில்களின் மொழி, குறிப்பாக ஊர்திப் பட்டறையின் மொழி, ஆய்வாளர் கவனத்தை அத்துணைப் பெறவில்லை.

இப்புறக்கணிப்புக்குக் காரணம் உண்டு. பட்டறை மொழி கடன்சொற்களால் நிறைந்தது. பேட்டரி, ஒயர், பியூஸ், ரிலே, டைனமோ, செல்ப் எனத் தொடங்கும் அச்சொற்பட்டியலைக் காணும் தமிழாசிரியர், அதனை மொழிச்சிதைவின் சான்றாகக் காட்டிவிட்டு நகர்வதே வழக்கம். ஆனால் ஒரு கலைச்சொல்லின் தகுதியை அதன் வேர்ச்சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அச்சொல்லைக் கொண்டு ஒருவன் இரு வேறு பொருள்களைப் பிரித்தறிய இயலுமா, தவறு நேராமல் ஒரு செயலைச் செய்து முடிக்க இயலுமா என்பனவும் உரிய அளவுகோல்களே. எரியக்கூடிய வளியும், தோலை அரிக்கும் அமிலமும், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டமும் சேர்ந்திருக்கும் ஊர்தி மின்னியலில், சொல்லின் மயக்கம் கைக்கும் கண்ணுக்கும் ஊறாக முடியக்கூடும்.

1. குழூஉக்குறியா, திசைச்சொல்லா?

பட்டறைச்சொற்களைக் குழூஉக்குறி என வகைப்படுத்தும் போக்கு உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இலக்கண உரைகள் காட்டும் மரபான எடுத்துக்காட்டுகள். குழூஉக்குறியின் இயல்பு, ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு ஒரு சொல்லை ஆள்வது. பட்டறைச்சொல்லுக்கு இவ்வியல்பு பொருந்தாது. ‘பேட்டரி டவுன்’ என்று பழுதுநீக்குநர் கூறுவது வண்டிக்காரருக்கும் விளங்குகிறது; வண்டிக்காரரே அச்சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் பட்டறைக்கு வருகிறார்.

ஆகவே இச்சொற்களைத் தொல்காப்பியம் கூறும் நால்வகைச் சொற்பாகுபாட்டின் ஒளியில், பிற மொழியினின்று வந்து தமிழொலிக்கு இயைந்து நின்ற சொற்களோடு ஒப்பிடுவதே பொருத்தமாகும். வடசொல்லை ஏற்கும்போது அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தச் செய்ய வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. பட்டறை அந்நெறியை எவர் கற்பித்தும் செய்யவில்லை, ஆயினும் செய்திருக்கிறது. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, கடன் வாங்கிய பெயரோடு தமிழ் வினையை இணைத்து அது புதிய பொருள் வேறுபாடுகளை உருவாக்கியிருப்பதாகும். அவ்வேறுபாடுகளே இக்கட்டுரையின் அக்கறை.

2. கலமும் அடுக்கும்

கார்களில் பரவலாக உள்ள காரீய அமில மின்கலம், ஆறு தனித்தனிக் கலங்கள் தொடராக இணைந்த ஒரு பெட்டி. ஒவ்வொரு கலமும் முழு ஏற்றத்தில் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருகிறது. ஆறும் சேர்ந்து 12.6 வோல்ட். ‘12 வோல்ட் பேட்டரி’ என்பது வழக்குப்பெயரே.

தனிக்கலத்தை மின்கலம் என்றும், பெட்டி முழுவதையும் மின்கல அடுக்கு என்றும் வழங்குவது துல்லியமான முறை. இலங்கைப் பாடநூல் வழக்கில் ‘மின்கலவடுக்கு’ என்னும் சொல் உறுதியாக நிலைபெற்றுள்ளது. தமிழகத்தின் பொது எழுத்திலோ இரண்டையும் ‘மின்கலம்’ என்றே சுட்டும் வழக்கம் மிகுதி. இக்கட்டுரையின் தொடக்கத் தொடரும் அப்பொது வழக்கையே பின்பற்றியது. இவ்வாறு எழுதும்போது இழக்கப்படுவது எது என்பதைப் பட்டறை காட்டுகிறது.

பட்டறையில் பெட்டிக்குப் பேட்டரி என்றும், அதனுள் இருக்கும் ஒன்றுக்குச் செல் என்றும் பெயர். ‘ஒரு செல் போய்விட்டது’ என்பது அங்கு அன்றாடத் தொடர். நன்கு மின்னேற்றம் செய்து ஓய்வில் வைத்த பின்னரும் அளவி 10.5 வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டால், ஒரு கலம் செயலிழந்துவிட்டது என ஐயுறலாம். 12.6இலிருந்து 2.1ஐக் கழித்த எண் அது. ‘மின்கலத்தில் மின்கலம் பழுதுற்றது’ என்று எழுத நேரும் மொழியில் இக்கணக்கைச் சொல்ல இயலாது. இவ்விடத்தில் பட்டறை வழக்கு கடன்சொல்லால் ஆனதாயினும் கருத்துத் தெளிவுடையது. பொது எழுத்துவழக்கு தனித்தமிழாயினும் மயக்கம் தருவது. மருந்து தமிழுக்குள்ளேயே இருக்கிறது. ‘அடுக்கு’ என்னும் சொல்லை மீட்டெடுப்பதே அது.

3. ஏற்றம் என்னும் உருவகம்

தமிழகப் பாடநூல்கள் ‘மின்னூட்டம்’ என்பதை ஈழத்துப் பாடநூல்கள் ‘ஏற்றம்’ என்கின்றன. முன்னதன் வினை ஊட்டுதல். பின்னதன் வினை ஏற்றுதல். இரண்டுமே ஒரு கொள்கலத்துள் ஏதோ ஒரு பொருளைச் செலுத்தும் படிமத்தைத் தருகின்றன. நிலைமின்னியலில் இப்படிமம் பிழையன்று. மின்கல அடுக்குக்கு அதே சொல்லை நீட்டும்போதுதான் இடர் தோன்றுகிறது.

மின்கல அடுக்கு மின்னூட்டத்தைச் சேமித்து வைப்பதில்லை. எதிர்முனையிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களின் அளவுக்கு நேர்முனை வழியே எலக்ட்ரான்கள் திரும்பி வருகின்றன. அடுக்கினுள் சேமிக்கப்படுவது வேதியாற்றல். மின்னிறக்கத்தின்போது நேர்த்தகட்டின் காரீய டை ஆக்சைடும், எதிர்த்தகட்டின் பஞ்சுபோன்ற காரீயமும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. கந்தக அமிலம் செலவாகி நீர் உருவாகிறது. மின்னேற்றம் இவ்வினையைத் திருப்பி நிகழ்த்துவது. அடுக்கின் நிலையை அமிலத்தின் ஒப்படர்த்தி கொண்டு அளக்க முடிவது இதனால்தான். முழு ஏற்றத்தில் ஏறத்தாழ 1.26 முதல் 1.28 வரை இருக்கும் ஒப்படர்த்தி, முற்றிலும் இறங்கிய நிலையில் 1.12 அளவுக்குத் தாழ்கிறது.

கொள்கலப் படிமம் கற்போரை எங்கே வழிதவறச் செய்கிறது? வெற்றுக்குடத்தை எத்தனை மாதம் கவிழ்த்து வைத்தாலும் அது கெடுவதில்லை, வேண்டும்போது நிரப்பிக்கொள்ளலாம். இறங்கிய அடுக்கு அத்தகையதன்று. அப்படியே விடப்பட்டால் காரீய சல்பேட்டின் நுண்படிகங்கள் பெரிதாகிக் கடினமாகின்றன. பின்னர் எத்தனை மணிநேரம் மின்னேற்றம் செய்தாலும் அவை எளிதில் கரைந்து மாறுவதில்லை. வாரக்கணக்கில் நிறுத்தப்படும் வண்டியின் பேட்டரி வீணாவதன் தலையாய காரணங்களுள் இது ஒன்று. ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்னும் சொற்களை மட்டும் அறிந்த மாணவனுக்கு இவ்விழப்பு வியப்பாகவே இருக்கும்.

பட்டறையில் இதற்கு இரு தொடர்கள் உள்ளன. ‘பேட்டரி இறங்கிவிட்டது’ என்பது ஒன்று. ‘பேட்டரி செத்துவிட்டது’ என்பது மற்றொன்று. முதலாவது மீட்கத்தக்க நிலை. இரண்டாவது மீளா நிலை. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழி காலத்தாழ்வு என்பதையும் பட்டறை அறியும். உயிருள்ள பொருளின் உருவகம், குடத்தின் உருவகத்தைவிட இங்கு வேதியியலுக்கு நெருக்கமாக அமைகிறது. கலைச்சொல்லாளர் இதனைக் கொச்சை என்று ஒதுக்குவது இழப்பாகும்.

4. புவியில்லாத புவி இணைப்பு

திறனாய்வுக்கு மிகவும் உரிய சொல் ‘எர்த்’. கலைச்சொல் தொகுதிகள் இதனைப் புவி இணைப்பு, புவித்தொடுப்பு என்று ஆக்கியுள்ளன. வீட்டு மின்னமைப்பைப் பொறுத்தவரை இவ்வாக்கங்கள் செம்மையானவை. அங்கே அந்தக் கம்பி உண்மையிலேயே நிலத்துள் புதைக்கப்பட்ட தகட்டுக்கோ குழாய்க்கோ செல்கிறது. இயல்பான நிலையில் அதில் மின்னோட்டம் பாய்வதில்லை. பழுது நேரும்போது மனிதரைக் காப்பதே அதன் பணி.

கார் ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கிறது. அதன் மின்சுற்றுக்கும் நிலத்துக்கும் தொடர்பில்லை. அங்கே எர்த் எனப்படுவது வண்டியின் உலோகச் சட்டம். பேட்டரியின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைத்துவிட்டால், ஒவ்வொரு விளக்குக்கும் திரும்புகம்பி தனியே இழுக்க வேண்டியதில்லை, சட்டமே திரும்புபாதையாகிறது. ஆகவே வீட்டின் எர்த்தில் இயல்பாக மின்னோட்டம் இல்லை. வண்டியின் எர்த்தில் எல்லா மின்னோட்டமும் உண்டு. ஒரே சொல்லால் சுட்டப்படும் இவ்விரண்டும் பணியால் நேரெதிரானவை.

‘புவி இணைப்பு’ என்று படித்தவன், அதைக் காப்புக்கம்பி என்றே கருதுவான். அது தளர்ந்திருந்தால் உடனடிக் கேடில்லை என்றும் எண்ணுவான். எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் தடித்த பட்டை துருப்பிடித்தோ அறுந்தோ போனால், எஞ்சினை இயக்கும் செல்ப் மோட்டாரின் மின்னோட்டம் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் அல்லது கிளட்ச் கேபிளின் உலோக இழை வழியாக அது திரும்ப முயலும்போது, அதற்கென அமையாத அக்கேபிள் சூடேறிக் கருகுவதுண்டு. அங்கே பழுது தோன்றும் இடம் வேறு. பழுதின் மூலம் வேறு.

பட்டறை இதனைப் ‘பாடி எர்த்’ என்கிறது. கடன்சொற்கள் இரண்டு சேர்ந்த தொடர் எனினும், எந்த எர்த் என்பதை அது வரையறுத்துவிடுகிறது. தமிழில் ஆக்கம் வேண்டுமெனில் ‘சட்டவழித் திரும்புபாதை’ என்பது பொருளுக்கு உண்மையாக அமையும். எர்த் என்றாலே எதிர்முனை என்று கொள்வதும் மரபு சார்ந்ததேயன்றி இயற்கை விதியன்று. 1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. ‘திரும்புபாதை’ என்னும் சொல் இவ்விரு முறைகளுக்கும் பொதுவாக நிற்கும்.

5. ‘கரண்ட் வருகிறது’: பட்டறை வழக்கின் வறுமை

இதுகாறும் கூறியவற்றால் பட்டறை வழக்கே போதுமானது எனக் கொள்ளல் ஆகாது. மின்னழுத்தம், மின்னோட்டம், திறன் ஆகிய மூன்றையும் பட்டறை பெரும்பாலும் ‘கரண்ட்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. பாடநூல் இங்குத் தெளிவானது. ஈழத்து வழக்கு வளிக்கும் நீர்மத்துக்கும் உரியதை ‘அமுக்கம்’ என்றும், மின்னுக்கு உரியதை ‘அழுத்தம்’ என்றும் பிரித்திருப்பது மேலும் நுட்பமானது.

இவ்வேறுபாடு இல்லாமல் கண்டறிய முடியாத பழுதுகள் உண்டு. முன்விளக்கு மங்கலாக எரிகிறது. விளக்கைக் கழற்றிவிட்டு அதன் இணைப்பியில் மின்னளவியை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ‘கரண்ட் வருகிறது, பல்புதான் கோளாறு’ என்று முடிவு செய்யப்படுகிறது. புதிய பல்பும் மங்கலாகவே எரிகிறது. மின்னளவி மிகச்சிறு மின்னோட்டத்தையே இழுப்பதால், களிம்பேறிய இணைப்பின் தடை அப்போது வெளிப்படுவதில்லை. 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது. இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட் அங்கே இழக்கப்படும். செல்ப் மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 0.01 ஓம் தடையே 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். எனவே விளக்கு எரியும்போதே, எஞ்சின் சுழலும்போதே அளக்க வேண்டும். ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்னும் கருத்து இல்லாத மொழியில் இச்சோதனைக்குப் பெயரில்லை. பெயரில்லாததால் அது எளிதில் கைவிடப்படுகிறது.

வீட்டு மின்பணி பழகியவர் வண்டிக்குக் கம்பி தேர்வதிலும் இதே இடர் உண்டு. 60 வாட் விளக்கு 230 வோல்ட்டில் 0.26 ஆம்பியரே இழுக்கும். 12 வோல்ட்டில் அதைப் போல் ஏறத்தாழ 19 மடங்கு. ‘12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது’ என்பது உண்மை. ஆனால் அதைக் கொண்டு மெல்லிய கம்பி போதும் என முடிவு செய்வது பிழை. ஷாக் அடிக்காத கம்பி தீப்பற்றக்கூடும்.

பியூஸ் பற்றிய வழக்கும் இத்தகையதே. பியூஸ் கருவியைக் காப்பது என்னும் விளக்கம் பள்ளிக்கல்வியில் பரவியுள்ளது. வண்டியில் அதன் முதற்பணி கம்பியைக் காப்பது. அதனால்தான் அது பேட்டரிக்கு இயன்ற அளவு அருகில் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் பியூசுக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காப்பில்லை. பியூஸ் அடிக்கடி போகும்போது ‘டைரக்டாகக் கொடுத்துவிடு’ என்பது பட்டறையின் தீய மரபு. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதும் அதன் கிளையே. ‘உருகி’ என்னும் தமிழாக்கம் இங்கே மெய்யாகவே மேலானது. உருகுவதே அதன் கடமை என்பதைப் பெயரிலேயே அறிவிப்பதால், உருகாத ஒன்றை அவ்விடத்தில் வைப்பதன் முரண் வெளிப்படையாகிறது.

6. தொடரமைப்பு: செயலின் வரிசை

சொற்களைக் காட்டிலும் பெரிய குறை தொடரில் உள்ளது. அறிவியல் தமிழ்நடை செயப்பாட்டு வினையையும் தொழிற்பெயரையும் மிகுதியாகச் சார்ந்தது. இந்நடையின் இயல்பை உணர்த்த இங்கு அமைத்துக்கொண்ட மாதிரித் தொடர் இது: ‘மின்பகுளியின் அளவு குறையும்போது அது நிரப்பப்பட வேண்டும், முனைகளின் இணைப்பு நீக்கப்படுதலும் மீள இணைக்கப்படுதலும் கவனத்துடன் செய்யப்பட வேண்டும்.’ இதில் பிழையான சொல் ஒன்றுமில்லை. ஆயினும் இதைப் படித்தவன் பாதுகாப்பாக வேலை செய்ய இயலாது.

முதற்பகுதி எதனால் நிரப்புவது என்று கூறவில்லை. மின்பகுளி குறைந்தால் மின்பகுளியையே ஊற்றலாம் என்பது இயல்பான வாசிப்பு. உண்மையில் மின்னேற்றத்தின்போது சிதைந்தும் ஆவியாகியும் வெளியேறுவது நீர். அமிலம் உள்ளேயே நிற்கிறது. எனவே காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். அமிலத்தை ஊற்றினால் செறிவு மிகுந்து தகடுகள் கெடும். பட்டறையில் ‘பேட்டரித் தண்ணீர் ஊற்று’ என்னும் எளிய தொடர் இப்பிழைக்கு இடமளிப்பதில்லை.

இரண்டாம் பகுதியின் குறை வரிசை இன்மை. எதிர்முனை சட்டத்தோடு இணைந்த வண்டியில், கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டுப் பின்னரே நேர்முனையைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது நேர்முனையை மாட்டி முடித்த பின்னரே எதிர்முனையை மாட்ட வேண்டும். காரணம் எளிது. எதிர்முனை சட்டத்தோடு இணைந்திருக்கையில் நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தைத் தொட்டால், அந்த ஸ்பேனரே குறுக்குச்சுற்றாகிப் பழுக்கக் காயும். எதிர்முனையை முன்னரே கழற்றியிருந்தால், அதே ஸ்பேனர் சட்டத்தைத் தொட்டாலும் சுற்று நிறைவடையாது.

மின்னேற்றத்திலும் வரிசையே காப்பு. சார்ஜரின் கவ்விகளை மாட்டிவிட்டுப் பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்னரே கவ்விகளை எடுக்க வேண்டும். கலமொன்றுக்கு ஏறத்தாழ 2.4 வோல்ட், அதாவது அடுக்குக்கு 14.4 வோல்ட் அளவை நெருங்கும்போது நீர் சிதைந்து ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் அது 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். கவ்வியை மாட்டும் நொடியில் தோன்றும் சிறுபொறி அதற்குப் போதும். மற்றொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்து எஞ்சினை இயக்கும்போது, கறுப்புக் கேபிளின் கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அவ்வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டச் சொல்வதும் இதனாலேயே. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும்; அது பேட்டரிக்கு அப்பால் நிகழட்டும்.

இவ்வரிசையைச் சொல்லத் தமிழுக்கு அரியதொரு கருவி உண்டு. வினையெச்சமே அது. ‘கழற்றிவிட்டு’, ‘மாட்டி முடித்த பின்னரே’, ‘அணைத்த பிறகன்றி’ என்னும் அமைப்புகள் முன்பின் தொடர்பை ஒரே தொடரில் பிழையின்றிக் கட்டிவிடுகின்றன. பட்டறையில் மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பது இவ்வெச்சத்தொடர்களாலேயே. செயப்பாட்டு நடையும் தொழிற்பெயர் அடுக்கும் அறிவியலுக்குரிய மிடுக்கு எனக் கருதப்பட்டதால், மொழியின் இவ்வாற்றல் அறிவியல் எழுத்தில் தேய்ந்துள்ளது.

7. எண்ணே கலைச்சொல்லாதல்

சொல்லாக்க விவாதத்துக்கு அப்பால் நிற்கும் ஒரு தீர்வும் ஊர்தி மின்னியலில் உள்ளது. ஜெர்மானியத் தரநிலையான டின் 72552, முனைகளுக்குப் பெயரிடாமல் எண்ணிட்டது. 30 என்பது பேட்டரியின் நேர்முனையிலிருந்து நேரே வருவது, 15 என்பது சாவியைத் திருப்பிய பின் வருவது, 31 திரும்புபாதை, 50 செல்ப் மோட்டாரை இயக்குவது. ரிலேயில் 85, 86 ஆகியன சுருளின் முனைகள், 87 வெளியீடு. நம் பட்டறைகளிலும் ரிலேயை எண் பார்த்தே மாட்டுகின்றனர். எந்த மொழிக்கும் உரிமையற்ற எண் எல்லா மொழியினர்க்கும் பயன்படுகிறது. ஆயினும் 87இல் ஏன் வெளியீடு வரவில்லை என்று ஆராயும்போது மீண்டும் சொல் வேண்டியிருக்கிறது. குறியீடு இடத்தைச் சுட்டும். காரணத்தை மொழியே சொல்ல வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுவன மூன்று. முதலாவது, பட்டறைச்சொல், பாடநூற்சொல் ஆகிய இரண்டில் எதுவும் முழுமையாக மேலானதன்று. ‘செல்’, ‘பாடி எர்த்’, ‘செத்துவிட்டது’ ஆகியன பாடநூலுக்குக் கற்பிக்கத்தக்கவை. ‘மின்னழுத்த வீழ்ச்சி’, ‘உருகி’ ஆகியன பட்டறைக்குக் கொண்டுசெல்லத்தக்கவை. இரண்டாவது, ஒரு துறையில் செம்மையான ஆக்கச்சொல்லை மற்றொரு துறைக்கு ஆராயாமல் நீட்டுவது, ‘புவி இணைப்பு’ போலப் பொய்யான பொருளைத் தரும். கலைச்சொல் தொகுதிகள் சொல்லுக்குச் சொல் நிகர் தருவதோடு நில்லாமல், அது வழங்கும் இடத்தையும் குறிக்க வேண்டும். மூன்றாவது, செய்முறை எழுத்தின் தரம் தொடரமைப்பில் உள்ளது. வரிசையும் காரணமும் இல்லாத அறிவுறுத்தல், தூய சொற்களால் ஆயினும் பயன்படாது.

தொழிற்பயிற்சி மாணவன் காலையில் வகுப்பில் ஒரு மொழியும் மாலையில் பட்டறையில் வேறொரு மொழியுமாகக் கற்கிறான். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதை அவனுக்கு எடுத்துக்கூறும் நூல் அவன் கையில் இருக்க வேண்டும். பட்டறை வழக்கை முறையாகத் தொகுத்து, ஒவ்வொரு சொல்லும் எந்த வேறுபாட்டைக் காக்கிறது, எதனை மறைக்கிறது என ஆராய்வது தமிழ்த்துறையினர் பொறியியல் ஆசிரியரோடு கூடிச் செய்யத்தக்க பணியாகும்.